பூனையின் கழுத்தில் ஒரு பூட்டு

ஹசிந்தோ கடலுக்குப் போய் முப்பது நாள்கள் ஆகியிருந்தன. அவனுடைய பூட்டு மட்டும் ஆலைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு விரிகுடாவுக்கு மேற்கே இருக்கிறது. குராசோவில் காற்று கிழக்கே பிறந்து மேற்கே போகும். ஆண்டு முழுவதும் அதற்கு அந்த ஒரு வழிதான். ஆகவே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் விண்ணுக்குக் கொடுத்ததையெல்லாம் விண் எங்கள் கூரைகளுக்குக் கொடுத்துவிடும். கொடியில் காயும் வெள்ளைத் துணி நண்பகலுக்குள் சாம்பல் பூக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் மீன்குழம்பின் மணத்தை முந்திக்கொண்டு மூக்கை அடையும். அந்த மாதம் மட்டும் அப்படியில்லை. பூனை உறங்கிக்கொண்டிருந்தது. துணிகள் வெள்ளையாகவே காய்ந்தன. இருமல்கள் ஓய்ந்தன. தெரு தன் மூச்சைத் தானே கேட்டுத் திகைத்திருந்தது.

பூனை என்பது கனத்த எண்ணெயைப் பிளந்து பெட்ரோலாக்கும் அலகுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர். பொறியாளர்கள் இட்ட நீண்ட ஆங்கிலப் பெயரில் முதற்பகுதி, ஆங்கிலத்தில் பூனையைச் சொல்வதுபோல, ‘கேட்’ என்று காதில் விழுந்தது; அதுவே போதுமாயிற்று. இரண்டு பெருங்கலன்கள், பன்னிரண்டு மாடி உயரம். ஒன்றில் கொதிக்கும் எண்ணெயோடு மாவுபோன்ற ஒரு பொடி கலக்கும். மற்றொன்றில் அந்தப் பொடியின்மேல் படிந்த கரி எரிந்து நீங்கும். பொடி இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைக் குளிரவைத்து, வயிற்றைத் திறந்து, ஆளை இறக்கிப் பழுதுபார்ப்பார்கள். நாற்பது நாள் வேலை.

கலனுக்குள் இறங்குகிறவன் முதலில் அதற்கு நீராவி வரும் குழாயின் வால்வை மூடி, தன் பித்தளைப் பூட்டை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். சாவி அவனிடமே இருக்கும். அனுமதி மேசையிலிருந்த பலகையில் அவன் எண் பொறித்த வில்லை ‘உள்ளே’ என்ற வரிசைக்குப் போகும். ஏறி வந்ததும் அவனே பூட்டைத் திறப்பான்; வில்லை ‘வெளியே’ என்ற வரிசைக்குத் திரும்பும்; பதிவேட்டில் நேரம் எழுதப்படும். ஒருவனுடைய பூட்டை இன்னொருவன் தொடமாட்டான்.

இந்த வழக்கம் அலுவலகம் கற்பித்ததன்று. பூனை வருவதற்கும் முன்னால், ஆலையில் பழைய செங்கல் உலைகளும் வடிகலன்களும் மட்டும் இருந்த நாளில், மதெய்ராவிலிருந்தும் கிரெனடாவிலிருந்தும் சுரினாமிலிருந்தும் கப்பலில் ஆட்கள் வந்து குவிந்திருந்த நாளில், உச்சி வெயிலுக்குத் தப்பி ஒருவன் காலிக் கலனுக்குள் படுத்துத் தூங்கிவிட்டான். வீட்டுக்குப் போனவன் பூட்டை மறந்துவிட்டான் என்று எண்ணி, கூட இருந்தவர்களே அதை வெட்டி எடுத்து நீராவியைத் திறந்தார்கள். அவன் பெயரை இன்றும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அன்றிலிருந்து வெட்டிய பூட்டுக்குக் கீழே எங்கள் ஆட்கள் வேலை செய்வதில்லை.

ஆனால் மனிதர்கள் வழக்கத்துக்குள்ளும் ஒரு சந்து வெட்டிக்கொள்வார்கள். வேலை பாதியில் நிற்கிறது, அதை மறுநாள் வேறொருவன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிற, இரும்போடு இரும்பைத் தைக்கும் நல்ல பற்றவைப்பாளன், மாலையில் பூட்டைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விடுவான். ‘இந்தத் தையல் என்னுடையது’ என்று அதற்குப் பொருள். வில்லை ‘உள்ளே’ வரிசையிலேயே நிற்கும். பதிவேட்டில் வெளியேறிய நேரம் வெற்றிடமாக இருக்கும். அனுமதி மேசைக்காரன் கண்டும் காணாமல் இருப்பான். ஹசிந்தோ அந்தச் சனிக்கிழமை அப்படித்தான் போனான். ஞாயிறு விடியலில் மீன்பிடிக்கத் தனியே படகெடுத்தான். திங்களன்று வரவில்லை. பூட்டு எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.

அந்த மேசைக்காரன் நான். ஆலையிலிருந்து வந்தபின் எங்கள் பகுதியில் இறந்தோர் வீடுகளில் எட்டு நாள் செபம் சொல்கிறவனும் நானே.

பற்றவைப்பாளர்களின் மேஸ்திரி பெர்சிவால் செவ்வாய்க்கிழமை காலையில் மேசைக்கு வந்து தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தார். கிரெனடாக்காரர் மகன், ஹசிந்தோவின் மகளுக்கு ஞானத்தந்தை.

“பாஸ்கால், வியாழக்கிழமை மதியம் பூட்ட வெட்டச் சொல்லி மேலேருந்து சொல்லிட்டாங்க.”

“நம்ம ஆளுங்க?”

“வெட்டினா கீழ இறங்கி வீட்டுக்குப் போயிடுவோம்னு அறுபது பேரும் ஒரே வாயா சொல்றாங்க. போனா வெளியாளக் கொண்டுவந்து பூனைய எழுப்பிடுவாங்க. அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கதவு திறக்காது.” கவசத்துக்குள் விரலால் வட்டம் போட்டார். “வெட்டுறதுக்கு ஒரு தாள் குடுத்திருக்காங்க. பூட்டுக்காரன் வேலைய விட்டவனா, தீவ விட்டவனா, செத்தவனான்னு மூணு கட்டம். எதுல நான் கோடு போட?”

“சாவி அவன் பொண்டாட்டி டிக்னாகிட்டதான் இருக்கணும்.”

“இருக்கு. துவைக்கப் போட்ட கால்சட்டையில கெடச்சுதாம். நீ கூட வா. தனியாப் போக எனக்குத் தெம்பில்ல.”

நண்பகல் இடைவேளையில் போனோம். டிக்னாவின் வீட்டு முன்கதவு திறந்திருந்தது. அந்த முப்பது நாளும் அது பகலில் மூடப்படவில்லை. மேசைமேல் சோளக்களி, வெண்டைக்காய்ச் சாறு, ஒரு சங்கரா மீன். தட்டு இரண்டு. ஹசிந்தோவின் தங்கை ஹுபெர்தினா கதவருகே நாற்காலியில், வந்து வெகுநேரம் ஆனவளைப்போல உட்கார்ந்திருந்தாள். கையில் செபமாலை. கறுப்பு உடை உடுத்தியிருந்தாள். டிக்னா மஞ்சள் உடுத்தியிருந்தாள்.

“வாங்க பாஸ்கால் அண்ணே,” என்றாள் ஹுபெர்தினா. “நீங்களாச்சும் சொல்லுங்க இவளுக்கு. எங்க அண்ணன் ஆத்துமா தண்ணியில நின்னுக்கிட்டிருக்கு. எட்டு நாள் செபம் சொன்னாத்தானே அதுக்கு வழி தெரியும்? இவ என்னன்னா ரெண்டு தட்டுல போட்டு ரெண்டையும் இவளே திங்கிறா.”

“வீணாக்கச் சொல்றியா?” என்றாள் டிக்னா. “உக்காருங்க பெர்சி அண்ணே. மீன் ஒண்ணுதான் இருக்கு. பாதி பாதி.”

“வேண்டாம் தங்கச்சி. சாப்பிட்டுட்டோம்.”

“பொய். உங்க வீட்டுல செவ்வாய்க்கிழமை ஆட்டுக் குழம்பு. அத சாப்பிட்டவன் மூஞ்சி இப்படியா இருக்கும்?”

பெர்சிவால் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டவர்போலத் தரையைப் பார்த்தார். டிக்னா களியை வெட்டி மூன்று தட்டில் வைத்தாள். உண்டோம். பெர்சிவால் மீன்முள்ளை ஒன்றொன்றாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார்.

“பூனைக்குப் பசி எடுத்துடுச்சு தங்கச்சி,” என்றார் கடைசியில்.

“அதுக்கு நான் என்ன சோறாக்கவா?”

“சாவி வேணும்.”

டிக்னா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. அவள் திரும்பி வர நேரமாயிற்று.

“மச்சான் பூட்டுன்னு நான் மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா ஆகாது,” என்று பெர்சிவால் அடுக்களையைப் பார்த்துச் சற்று உரக்கச் சொன்னார். “வியாழன் மதியம் வெட்டிடுவாங்க. வெட்டினா பசங்க இறங்கிடுவாங்க. அறுபது வீடு.”

“இவளுக்கு அறுபது வீடு எங்க கண்ணுக்குத் தெரியுது?” என்றாள் ஹுபெர்தினா. “ஒரு மாசமா அந்தச் சாவியக் கழுத்துல போட்டுக்கிட்டு திரியிறா. மாதா பதக்கம் மாதிரி.”

டிக்னா ஈரக்கையோடு வந்து நின்றாள். “உன் அண்ணன நீ செத்தவன்னு சொல்ற. துறைமுகத்துல கேட்டா காணாமப் போனவன்னு சொல்றாங்க. மகளுக்கு ரோட்டர்டாமுக்குப் பேசினா, அம்மா வீட்ட வித்துட்டு இங்க வந்துடுங்கிறா. அவளுக்கு அப்பா இப்பவே பழைய படமாயிட்டார்.” என் பக்கம் திரும்பினாள். “பாஸ்கால் அண்ணே, உங்க பலகையில என்ன இருக்கு?”

நான் பெர்சிவாலைப் பார்த்தேன்.

“கேக்குறேன்ல? ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு எந்தப் பக்கம் தொங்குது?”

“உள்ளே.”

“நோட்டுல?”

“வெளிய போன நேரம் எழுதல.”

“பாத்தியா?” என்றாள் ஹுபெர்தினாவிடம். “உலகத்துலயே ஒரே ஒரு எடத்துலதான் அவர் இருக்கார்னு எழுதியிருக்கு. அத நான் எடுத்துக் குடுக்கணுமாம்.”

செபமாலை ஹுபெர்தினாவின் மடியில் நழுவிற்று. அவள் அதை எடுக்கவில்லை. என் பேனா ஒரு சனிக்கிழமை மாலை சோம்பியிருந்தது. அந்த வெற்றிடத்தில் ஒரு பெண் குடியேறிவிட்டாள்.

“தங்கச்சி,” என்றார் பெர்சிவால், மிகத் தாழ்ந்த குரலில். “பூட்டு தொங்குற வரைக்கும் கலனோட வாசலயும் நாங்க மூடல. எல்லா வாசலும் மூடியாச்சு. அது ஒண்ணு மட்டும் திறந்து கெடக்கு. மூடக் கைவரல யாருக்கும்.”

டிக்னா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திறந்தா கெடக்கு?”

“ஆமா.”

“அப்ப நான் பாக்கணும்.”

“எத?”

“உள்ள.”

“பொம்பளைங்கள அங்க ஏத்த மாட்டாங்கம்மா. அதுவும் ஆறாவது மேடைத் தட்டு. இரும்பு ஏணி.”

“கோயில் மணிக்கூண்டு துடைக்க ஏறுறவ நான். பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி வெட்டினாங்கன்னா கதவுக்கு வெளிய உக்காந்து கத்துவேன், கவர்னர் வீடு வரைக்கும் கேக்கும்.”

“கேக்கும்,” என்றாள் ஹுபெர்தினா, தன்னையறியாமல். “அவ தொண்ட அப்படி.”

அன்று மாலை வீட்டுக்கு நடக்கையில் டிக்னாவைக் கரையில் கண்டேன். மீன்பிடி வளைகுடாவில் படகுகள் கரையேறியிருந்தன. ஒவ்வொரு படகாகப் போய், மேற்கே யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டாள். நீரோட்டம் மேற்கே போகும். மேற்கே அருபா, அதற்கும் அப்பால் வெனிசுவேலாவின் பாலைக்கரை. முன்னொரு காலத்தில் பதினோரு நாள் கழித்து அந்தக் கரையில் உயிரோடு ஒதுங்கியவன் உண்டு. மீனவர்கள் முதல் வாரம் நீண்ட விடை சொன்னார்கள். இரண்டாம் வாரம் தலையசைத்தார்கள். இப்போது அவள் வருவதைக் கண்டதும் வலையை உதறத் தொடங்கினார்கள். அவளும் கேட்பதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படகருகே நின்று ஒன்றும் கேளாமல், மீன் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினாள். கதிரவன் மேற்கே விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய நிழல் நெடுந்தொலைவு முன்னால் போய், அவளுக்கு முன்பே வீடடைந்தது.

புதன்கிழமை பெர்சிவால் அலுவலகத்தில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. “அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காங்க,” என்றார் வெளியே வந்து. “நான் இந்த மேனேஜருக்குக் கீழ பதினெட்டு வருஷமா வேல செய்யிறேன். இன்னிக்குத்தான் மொத தடவ தயவுசெஞ்சுன்னு சொன்னேன்.”

வியாழன் காலை பத்து மணிக்கு டிக்னா வந்தாள். ஞாயிறு திருப்பலிக்குப் போடும் காலணி, ஹசிந்தோவின் நீல வேலைச்சட்டை, தலையில் துண்டு. மேசையில் அவளுக்கு நுழைவு எழுத வேண்டும், எண் வேண்டும். வெளியாள் வில்லையை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் தொடாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘உள்ளே’ வரிசை முழுதும் வெறும் ஆணிகள். ஒரே ஒரு வில்லை. சற்றுக் கழித்து நான் கொடுத்ததை வாங்கி அதன் பக்கத்து ஆணியில் தானே மாட்டினாள்.

அறுபது பேரும் கீழே நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் தலைக்கவசங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

“இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்காதீங்கடா,” என்று பெர்சிவால் சீறினார். “மாட்டுங்க.”

மாட்டிக்கொண்டார்கள்.

ஆறு தட்டு ஏறினோம். ஒவ்வொரு தட்டிலும் ஊர் சற்றே கீழே போயிற்று. நான்காவது தட்டில் எங்கள் தெருவின் கூரைகள் தெரிந்தன, காயும் துணிகள் தெரிந்தன. விரிகுடாவில் எண்ணெய்க் கப்பல்கள் அசையாமல் நின்றன. உப்பெடுத்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்களின் நீர் அது. அதன் கரையைத்தான் ஆலை ஆண்டுக்காண்டு தின்று வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்கு எரிபொருள் இங்கிருந்துதான் போயிற்று என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த எரிபொருளைக் காய்ச்சியவர்கள் சோறு கொண்டுவந்த தகரப் பாத்திரங்கள் இன்னும் கரைச்சேற்றில் அகப்படும். டிக்னா ஒன்றையும் பார்க்கவில்லை. கைப்பிடிக் கம்பியிலிருந்த பொடி அவள் உள்ளங்கையில் ஒட்டிற்று. விரல்களைத் தேய்த்து முகர்ந்தாள்.

“இந்த மாவுதான்,” என்றாள்.

வால்வு இடப்புறம் இருந்தது. சக்கரத்தில் சங்கிலி, சங்கிலியில் பித்தளைப் பூட்டு. கடற்காற்றில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது. அவள் அதைக் கடந்து வாசலுக்குப் போனாள். ஒரு மனிதன் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையக்கூடிய வட்ட வாசல். பெர்சிவால் விளக்கை உள்ளே நீட்டிப் பிடித்தார்.

டிக்னா குனிந்து தலையை உள்ளே விட்டாள்.

கலனின் உட்சுவர் முழுதும் வெந்த மண்பூச்சு. கீழே விளக்கொளி எட்டாத ஆழம். மேலே பெருங்குடங்கள்போல வரிசையாகத் தொங்கும், புகையிலிருந்து பொடியைப் பிரிக்கும் சுழல்கலன்கள், நெருப்பில் நின்று பழகி இப்போது குளிர்ந்திருப்பவை. வலச்சுவரில் அரைவட்டமாக ஓடி நின்றுபோன ஒரு பற்றவைப்புத் தையல் மின்னிற்று. மீதிப் பாதியை எவரும் தொடவில்லை என்று கீழேயே பெர்சிவால் என்னிடம் சொல்லியிருந்தார். சாவி கிடைத்தால் ஒரு பொழுதில் முடித்துவிடலாம்.

“ஹசிந்தோ,” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். கலன் அதை வாங்கிக்கொண்டு, எங்கெங்கோ கொண்டுபோய், அவள் குரலைவிடப் பெரிய குரலில் திருப்பிக் கொடுத்தது. பெயர் முழுதாக வந்தது. பின்பு பாதியாக வந்தது. பின்பு ஓசையாக மட்டும் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. கோயிலில் பாட்டு முடிந்தபின் கூரையில் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். இங்கே அதுவும் இல்லை.

அவள் இன்னொரு முறை அழைக்கவில்லை. தலையை வெளியே எடுத்தாள். துண்டு வாசலின் விளிம்பில் சிக்கிக்கொண்டது, பெர்சிவால் விடுவித்தார்.

“இங்க ரொம்பச் சில்லுனு இருக்கு அண்ணே,” என்றாள். “அவருக்குச் சில்லுனு இருந்தா ஆகாது. ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டார்.”

“ஆமா தங்கச்சி.”

“இங்க இல்ல.”

“இல்லம்மா.”

கழுத்திலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டு இறுகியிருந்தது. பெர்சிவால் கை நீட்டினார். உடனே தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் பூட்டைச் சட்டை முனையால் பிடித்து, பற்களைக் கடித்துத் திருகினாள். இரண்டாவது திருகலில் வாய் திறந்தது. சங்கிலி தட்டின்மேல் விழுந்த ஓசை ஆறு தட்டுகளுக்கும் கீழே கேட்டிருக்க வேண்டும். கீழே அறுபது முகங்கள் நிமிர்ந்தன.

இறங்கி மேசைக்கு வந்ததும் டிக்னாவுக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. தன் வில்லையைத் தானே ‘வெளியே’ வரிசைக்கு மாற்றினாள். அவனுடைய வில்லையைப் பார்த்தாள்.

பதிவேட்டைத் திறந்து, அவன் பெயருக்கு எதிரே அந்த வெற்றிடத்தில் பேனாவை வைத்தேன். சுவர்க்கடிகாரம் பத்து நாற்பது காட்டிற்று. வியாழன், பத்து நாற்பது என்று எழுதத் தொடங்கினேன்.

“என்ன எழுதுறீங்க?”

“வெளிய போன நேரம்.”

“அதுவா நேரம்? குடுங்க.”

பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் இட்ட முதல் எழுத்தை நன்றாக அடித்தாள்.

“அன்னிக்கு ஆலைவிட்டு எத்தன மணிக்கு வந்தார்? நீங்க பாத்தீங்களா இல்லையா?”

“நாலு பத்து இருக்கும். எனக்குக் கை காட்டிட்டுத்தான் போனான்.”

“நாலரைக்கு வீட்டுக்கு வந்துட்டார். காதுக்குள்ள, புருவத்துல எல்லாம் அந்த மாவு. நான்தான் பின்வாசல்ல உக்காரவச்சுத் தண்ணி ஊத்தினேன். முடி வெட்டிவிட்டேன். இடப்பக்கம் கொஞ்சம் கோணலாப் போச்சு. திட்டிக்கிட்டே சாப்பிட்டார். ரெண்டு தட்டுக் களி.” பேனா காகிதத்தின்மேல் நின்றது. “உள்ளயா இருந்தார்? என்கூட இருந்தார் அண்ணே. அந்த ராத்திரிய இத்தன நாளா நீங்க ஆலையில வச்சிருந்தீங்க. நானும் விட்டுட்டேன்.”

சனிக்கிழமை, நாலு பத்து என்று எழுதினாள். பள்ளிக்கூடத்து எழுத்து, வட்டமும் கொக்கியுமாக. பக்கத்தில் மை உலர ஊதினாள். பிறகு ஆயிரத்து நூற்று நாற்பத்தேழை ‘வெளியே’ வரிசையில் மாட்டினாள்.

பெர்சிவால் வாசலில் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்குவதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

டிக்னா திறந்த பூட்டை மேசைமேல் வைத்தாள். சாவியையும் வைத்தாள். சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“இன்னிக்குச் சாயந்தரம் வந்துடுங்க,” என்றாள்.

“எதுக்கும்மா?”

“எட்டு நாள் செபத்துக்கு. வெள்ளைத் துணி இருக்கு, மெழுகுவத்தி நான் வாங்கிக்கிறேன். கோயில்லேருந்து நாற்காலி கேக்கணும். பெர்சி அண்ணன் ஆளுங்க வந்தாங்கன்னா அறுபது வேணும், எங்க போட? தெருவுலதான் போடணும்.” கதவுவரை போய்த் திரும்பினாள். “ஹுபெர்தினாதான் பாட்டு ஆரம்பிப்பேன்னு நிப்பா. ஆரம்பிக்கட்டும். ரெண்டாவது அடியில நீங்க சேந்து புடிச்சுக்கிட்டுப் போயிடுங்க. அவ குரல் ஏறாது, பாவம்.”